கையைப் பிடித்திருந்தவள்

பட்டையைக் கழுத்தில் மாட்டியதும் முதலில் வருவது உள்ளங்கைதான். ஏழு வயதுப் பையனின் கை, வியர்த்து, நகத்துக்கடியில் மண்ணோடு, ரூபாவதியின் இடது கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு காலடியில் தரை அதிரும். வெளியே இடிப்பு எந்திரத்தின் உறுமல் பற்களில் கேட்கும். அவள் விரல்கள் அந்தச் சின்னக் கையை இறுக்கும். அதன் பின், யாரும் எதிர்பாராத ஓர் அமைதி. நெஞ்சு இளகி, மூச்சு சீராகி, நான்கு நொடி. ஐந்தாவது நொடியில் சுவர் விழும். கை இழுபட்டுப் போகும்.

அன்று அது ஒரு பள்ளிக்கூட அரங்கம். முன்னால் உட்கார்ந்திருந்த அறுபது மாணவர்களும் மெல்லிய பட்டை அணிந்திருந்தார்கள். ரூபாவதியின் உடம்பில் நடப்பது அவர்கள் உடம்பிலும் நடந்தது. முடிந்ததும் வழக்கம்போல் யாரும் கைதட்டவில்லை. சிலர் தங்கள் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், சுவர் விழறதுக்கு முன்னாடி ஒரு நிம்மதி வந்துச்சே, அது ஏன்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எந்த ஊரில் நடத்தினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடும் கேள்வி.

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு தோணும்மா. நீயே யோசிச்சுப் பாரு," என்றாள் ரூபாவதி. இருநூற்றுப் பதினொன்றாவது முறையாக அந்தப் பதிலைச் சொன்னாள்.

படத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, மனிதர்கள் கடைசியாக நம்பத் துணிந்தது உடம்பை. ஒருவர் தனக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கும்போது இதயம், தோல், தசை, குடல் எல்லாம் என்ன செய்கின்றன என்பதைக் கழுத்துப்பட்டை எழுதிவைத்துக்கொள்ளும். அந்தப் பதிவுக்கு மெய்யேடு என்று பெயர். அதில் சொல் இருக்காது, முகம் இருக்காது. இன்னொருவர் கழுத்தில் அதை ஏற்றினால் அவர் உடம்பும் ஓரளவுக்கு அதையே செய்யும். நீதிமன்றங்கள் வாய்ச்சொல்லைக் கைவிட்டு மெய்யேட்டைக் கேட்கத் தொடங்கியிருந்தன.

ரூபாவதியின் கால்வாய்க்கரை நாடகக் குழுவுக்கு மெய்யேடு வருவதற்கு முன்பிருந்தே இரண்டு விதிகள் இருந்தன. தன் கதையைத் தானே நடிக்கக் கூடாது. கதையில் சொன்னவரின் பெயர் இருக்கக் கூடாது. குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததை மேடையில் மறுபடி மறுபடி அனுபவித்து நொறுங்கிப்போவதை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் அவர்கள் வீட்டுக் கதவைக் காவல்துறை தட்டுவதையும் பார்த்திருக்கிறாள். ஆகவே குழுவின் மெய்யேடுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போகலாம். பெரியவர்கள் சுமப்பார்கள்.

மோனிஷா பதினான்கு வயதில் கொடுத்தாள். இடிக்கப்பட்ட வீட்டில் தம்பி கிச்சுவின் கையைப் பிடித்திருந்தவள் அவள். பதிவு முடிந்ததும் குழுவின் கூடத்தில் இரண்டு நாள் தூங்கினாள். "இனி அதை யாருக்கும் நீ சொல்ல வேணாம். அது எங்ககிட்ட இருக்கு," என்றாள் ரூபாவதி. இப்போது மோனிஷாவுக்குப் பத்தொன்பது. சின்னப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுத்தருகிறாள். தெரு முனை வரை கேட்கும்படி சிரிக்கிறாள். குழுவின் இருபது வருட வேலையில் ரூபாவதி தனக்குள் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அந்தச் சிரிப்பு.

பட்டையைக் கழற்றிய பிறகும் அந்தக் கை போவதில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அரிசி களையும்போது இடது கை கனத்துவிடும். ஒற்றைக் கையாலேயே பாத்திரம் தூக்கப் பழகிவிட்டாள். பேருந்தில் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருவாள். சாலையைக் கடக்கும்போது, தன்னையறியாமல், சின்னக் கால்களுக்கு ஏற்றபடி மெதுவாக நடப்பாள்.

விசாரணை ஐந்து வருடம் கழித்து வந்தது. வீடுகளை இடித்த கரைச் சீரமைப்பு வாரியம், அந்த வீட்டுக்குள் ஆளே இல்லை என்றது. பையன் கால்வாயில் தவறி விழுந்து இறந்தான் என்று எழுதியிருந்தது. உள்ளே கையைப் பிடித்திருந்த ஒருவர் மெய்யேட்டோடு வந்து நின்றால் போதும், அந்த வரி அழிந்துவிடும். அடுத்த மாதம் இடிப்பதாக இருந்த நானூறு வீடுகளும் நிற்கும்.

விசாரணை நாளன்று காலையில் அளவை அறைக்கு மோனிஷா, ரூபாவதி, பட்டைகளைப் பராமரிக்கும் டென்னிஸ், வழக்கறிஞர் சுகந்தி நால்வரும் போனார்கள். மெய்யேட்டை மோனிஷாவின் கழுத்தில் ஏற்றுவார்கள். பதிவும் உடம்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒத்தறி என்ற எந்திரம் எண்ணாகச் சொல்லும். எழுபதுக்கு மேல் இருந்தால் பதிவு அவருடையது. ஒருவருக்கு ஒருமுறைதான் அளப்பார்கள்.

"முப்பத்தொண்ணு," என்றான் அளவையாளன்.

"சார், மிஷின் தூங்குது போல. தலையில ஒரு தட்டு தட்டுங்க," என்றான் டென்னிஸ்.

"மிஷினு நல்லாத்தான்பா இருக்குது. இந்தப் பொண்ணு ஒடம்புல ஒண்ணும் இல்ல. சும்மா பஸ்ல போறவங்களுக்கே நாப்பது காட்டும்."

"அப்ப எங்க ரூபாக்காவைப் போட்டுப் பாருங்க, நூறு வரும்," என்று டென்னிஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சுகந்தி ரூபாவதியின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, பதிவுல பேரு இல்லதானே?"

"இல்ல."

"இடிச்ச அன்னிக்கு நீங்களும் அந்தத் தெருவுலதான இருந்தீங்க?"

ரூபாவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டை கழுத்தில் குளிர்ந்தது. கை வந்தது. எந்திரம் தொண்ணூற்று நான்கு என்றது.

விசாரணை இரண்டு மணிக்கு. சிற்றுண்டிச் சாலையில் மோனிஷா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"அழுதிருந்தா ஏறியிருக்குமாக்கா?"

"தெரியல மோனி."

"அஞ்சு வருஷமா அழாத அழாதன்னீங்க. இப்ப அழுதாத்தான் அவன் என் தம்பின்றாங்க." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் ரூபாவதிக்குத் தாங்கவில்லை. "நீங்களே சொல்லிடுங்க. நீங்கதான் புடிச்சிருந்தீங்கன்னு. இல்லன்னா அவன் கால்வாயில வுழுந்தான்னே இருந்துடும்."

"அது பொய்."

"மிஷினே நெசம்னுது. உங்களுக்கு இன்னா?"

ரூபாவதி மேசையின்மேல் இருந்த தன் இடது கையை மடியில் இறக்கிக்கொண்டாள். மோனிஷா அதைக் கவனித்தாள்.

"இப்ப இருக்கானாக்கா? கையில?"

"இருக்கான்."

"எப்படி இருக்கும்?"

"வேர்த்திருக்கும். கட்டை விரல் நகத்துல மண்ணு. ரெண்டு தடவ அமுக்குவான், பொறவு விடுவான். திரும்ப ரெண்டு தடவ."

"ஆமால்ல." மோனிஷாவின் முகத்தில் ஏதோ அசைந்து அடங்கியது. "ரெண்டு தடவ. அது எங்க விளையாட்டு. மறந்தே போச்சுக்கா." தேநீரை மறுபடி ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்த நிம்மதி வருமே நடுவுல. அது இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்து."

வீடு இடிபட்ட அன்று காலையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றவள் ரூபாவதி. எந்திரங்களைக் கண்டதும், பிள்ளைகள் உள்ளேயே இருக்கட்டும், பாடிக்கொண்டிருக்கட்டும், உள்ளே ஆள் இருந்தால் இடிக்க மாட்டார்கள் என்று சொன்னவள். மோனிஷாவின் சன்னலுக்குள் தலையை விட்டு, "நான் வெளியதான் நிக்கிறேன், பாத்துக்கறேன்," என்று சிரித்தவள். சுவர் அதிர்ந்தபோது மோனிஷாவின் பதினான்கு வயது உடம்பு அந்தக் குரலை நினைத்துத் தைரியம் கொண்டது. நான்கு நொடி. இருநூற்றுப் பதினொரு முறை ரூபாவதி தன்மீது வைக்கப்பட்ட நம்பிக்கையைத் தன் நெஞ்சிலேயே உணர்ந்து, அது இடிந்து விழுவதையும் உணர்ந்திருந்தாள்.

"நீ ஒரு தடவகூட என்னைக் கேட்டதில்ல," என்றாள் ரூபாவதி.

"கேட்டிருந்தா நீங்க நடிக்கறத வுட்டிருப்பீங்க. அவன் எங்க போவான்?" மோனிஷா ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "விசாரணையில அந்த நிம்மதியப் பத்திக் கேட்டா சொல்லிராதீங்க. நாமதான் புள்ளைங்கள அடைச்சு வெச்சோம்னு கேஸைத் திருப்பிடுவாங்க. தெரியலன்னு சொல்லுங்க. எப்பவும் மழுப்பறா மாதிரி."

விசாரணை மன்றத்தில் சாட்சிக்குப் பின்னால் ஒத்தறியின் எண் சுவரில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். கேள்வி நேரம் முழுவதும் மெய்யேடு உடம்பில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எண் எழுபதுக்குக் கீழே இறங்கினால் சாட்சி செல்லாது. ரூபாவதியின் தலைக்கு மேலே தொண்ணூற்று நான்கு எரிந்தது. எதிர்ப்பக்கம் பார்வையாளர் வரிசையில் டென்னிஸும் மோனிஷாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டின் அமைப்பு, எந்திரம் வந்த திசை, பையன் நின்ற இடம் என்று சுகந்தி கேட்டதற்கெல்லாம் ரூபாவதி தடுமாறாமல் பதில் சொன்னாள். அவற்றை உள்ளேயிருந்து தான் பார்த்ததில்லை என்ற நினைவே அவளுக்கு வரவில்லை. எண் தொண்ணூற்று ஆறானது. நடுவர் குறித்துக்கொண்டார்.

வாரியத்தின் வழக்கறிஞர் மரியாதையான மனிதர். அவரும் பட்டை அணிந்திருந்தார். எழுந்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப்போறேன். தரை ஆடுது, எந்திரச் சத்தம் கேக்குது. ஆனா இந்த ஒடம்பு திடீர்னு நிம்மதியாயிடுது. நான் நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். ஏன் நீங்க அந்தக் கொழந்தையைத் தூக்கிட்டு வெளிய ஓடல?"

ரூபாவதி வாயைத் திறந்தாள். எப்போதும்போல் மழுப்பும் பதில் நாக்கில் தயாராக இருந்தது.

அதற்குள் உடம்பு வேறு எதையோ செய்யத் தொடங்கிவிட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாகக் காது மடல் வரை ஏறியது. முதுகு தானாகக் குனிந்தது. அந்தக் கூச்சம் மெய்யேட்டில் இல்லை. சன்னலுக்கு உள்ளே இருந்த பெண் எந்தக் குற்றமும் செய்யாதவள். அது சன்னலுக்கு வெளியே நின்றவளுடையது, அவளுக்கே சொந்தமானது, எத்தனையோ வருடமாக இன்னொருத்தியின் துயரத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

தலைக்கு மேலே எண் எண்பத்தெட்டானது. எழுபத்தொன்பது.

"தெரியல," என்றாள்.

அறுபத்திரண்டு. நாற்பது. உள்ளங்கையில் இருந்த கை இரண்டு முறை அழுத்தியது. பிறகு விட்டது. திரும்ப அழுத்தவில்லை. அவள் விரல்களை மூடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"சார், நான்தான்," என்று ரூபாவதி எழுந்தாள். "உள்ள இருக்கச் சொன்னது நான்தான். வெளிய நின்னுட்டு இருந்தேன். உள்ள இருந்தவ அதோ, அங்க."

நடுவர் எண்ணைப் பார்த்தார். சாட்சியாளர் பதிவுக்குரியவர் அல்லர் என்றும், ஆகவே இனி அவர் சொல்வது எதுவும் ஏற்கப்படாது என்றும் எழுதச் சொன்னார். இந்த மெய்யேட்டுக்கு உரியவர் எவரும் இல்லை என்பது அடுத்த வரி.

அப்போதுதான் பார்வையாளர் வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மோனிஷா எழுந்து நின்றிருந்தாள். "என் தம்பி," என்றாள். குரல் உடைந்தது. "அய்யோ, அவன் என் தம்பிய்யா. நான்தான் புடிச்சிருந்தேன்." ஐந்து வருடம் வராதது முழுவதும் ஒரே நேரத்தில் வந்து அவளைக் குலுக்கியது. அவள் கழுத்தில் பட்டை இல்லை.

ரூபாவதி சாட்சி மேடையிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் வாசல் காவலர் மோனிஷாவைத் தாங்கிப் பிடித்துவிட்டார். நடுத்தர வயது, இளகிய முகம். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழாதம்மா, அழாத. பட்டையைக் கழட்டினாலும் ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்," என்றார். "எங்க பையன் ஸ்கூல்ல இந்த நாடகம் போட்டாங்க. நானும் பாத்தேன். எனக்கும் என் தம்பியேதான்னு தோணுச்சு."