விட்ட இடத்திலிருந்து

விரித்து வைத்துத் தூங்கவிட்ட கை, விழித்தபோது மடங்கியிருந்தது.

ஜன்னல் வழியே மதிய வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. தம்பி நாற்காலியில் சாய்ந்து, வலது முழங்கைக்குக் கீழே வார் போட்டுக் கட்டியிருந்த செயற்கைக் கையை மேசையில் நீட்டி வைத்திருந்தான். சூடேறிய மோட்டாரின் எண்ணெய் வாடையும் அவன் வியர்வையும் கலந்து அறைக்குள் நகராமல் நின்றன. அந்தக் கைக்குள் இருந்த சிப்புக்கு நிரல் எழுதியவள் அவனுடைய அக்காதான். அச்சு இயந்திரம் தம்பியின் கையை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. சும்மா இருக்கும்போது பேட்டரி வீணாகாமல் சிப் தூங்கிவிடும். தூங்கப் போகுமுன், எந்த விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று தன் நிலை முழுவதையும் நினைவகத்தில் எழுதி வைக்கும். எழுந்ததும் அதைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"இதுவும் என்னை மாதிரிதான்க்கா. தூங்கி எழுந்தா எங்க இருக்கோம்னே தெரியல," என்று சிரித்தான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பில் பார்த்தாள். தூங்குமுன் எழுதியது, ஐந்து விரலும் விரிந்த நிலை. எழுந்ததும் படித்தது வேறு. கோளாறு என்றால் எண்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். இவை ஒழுங்காக இருந்தன. எங்கோ, எப்போதோ, ஒரு கை உண்மையிலேயே இருந்த நிலை.

"இன்னொரு தடவை தூங்க விடுறேன். அசையாதடா."

மோட்டாரின் இரைச்சல் அடங்கியது. தெருவில் யாரோ குழாயடியில் வாளி நிரப்பும் சத்தம் மட்டும் கேட்டது. எழுப்பினாள். விரல்கள் முன்னைவிட உள்ளே வளைந்தன, எதையோ சுற்றிப் பிடித்தாற்போல் வட்டமாய். கட்டைவிரல் மட்டும் தனியே ஒரு குழியைத் தேடி அமுங்கியது. பிடிக்குள் வெறும் காற்று. ஆனால் திரையில் அழுத்தத்தின் எண்கள் ஏறின, இறங்கின. ஏறின, இறங்கின.

நாடி.

இன்னொரு முறை தூங்கவிட்டு எழுப்பினாள். பிடி இறுகியிருந்தது. துடிப்பு மெதுவாகியிருந்தது.

"கழட்டு. உடனே கழட்டுடா."

"என்னக்கா ஆச்சு?"

"சொன்னதைச் செய்யேன்!"

தம்பி பல்லால் வாரை இழுத்து அவிழ்த்தான். இடது கையால் அந்தச் செயற்கை உள்ளங்கையைப் பற்றி உருவப் பார்த்தான். அதற்குள் அது தானாகவே தூங்கிப்போயிருந்தது. அவள் அதைக் கவனித்து வாய் திறப்பதற்குள் விழித்துக்கொண்டது.

அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தது.

எலும்பு நொறுங்கிய சத்தம் அவள் பல்லில் கூசியது. தம்பி அலறினான். பேட்டரியைப் பிடுங்கி எறிந்தாள். சிப்பின் விளக்கு அணைந்தது. பிடி தளரவில்லை. இறுகியது. ஸ்பேனரை எடுத்தாள். அடித்தாள். ஒரு விரல் தெறித்தது. இன்னொன்று. தோல் கிழிந்து ரத்தம் அவள் கண்ணில் தெறித்தது. கட்டைவிரல் கடைசியில்தான் உடைந்தது. அவன் மணிக்கட்டிலிருந்து எலும்பு வெள்ளையாய் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அலறல் பாதியில் அறுந்தது. நாற்காலியோடு சரிந்தான்.

மயக்கம்தான். மூச்சு இருந்தது. மேசைத் துணியைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"டேய். டேய் கண்ணா. அக்காடா. எந்திரிடா."

இமைகள் துடித்தன.

"அவ்வளவுதான்... எந்திரி ராஜா..." குனிந்து அவன் தலையைத் தூக்கினாள்.

ஒடிந்த இடது கை எழுந்தது.

விரல்கள் அவள் தொண்டையைச் சுற்றி வட்டமாய் வந்து அமர்ந்தன. கட்டைவிரல் குழியைக் கண்டுபிடித்தது. நெஞ்சில் குத்தினாள். முகத்தைப் பிறாண்டினாள். நீட்டிய எலும்பையே பிடித்துத் திருகினாள். கட்டு அவிழ்ந்தது. சூடாய் ரத்தம் அவள் மார்பில் வழிந்தது. மணிக்கட்டு மடங்கித் தொங்கிப்போனது. நரம்புகள் மட்டும் கயிறாய் விறைத்து நின்றன. விரல்கள் இறுகின.

அவன் கண் திறக்கவே இல்லை. மூச்சு சீராக வந்தது, அசந்து தூங்கும் பிள்ளையின் மூச்சுபோல.

அவளுடையது வரவில்லை.