வாய்வார்த்தைக்கு ஓர் அழைப்பு

“வாங்க, சாப்பிடலாம்” என்று வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னாள் புரீட்டா. தெருவில் யாரோ செருப்பு தேய நடந்துபோனார்கள். சாப்பிடும்போது யார் கடந்துபோனாலும் அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

“சரி” என்று பதில் வந்தது.

ஸ்பூன் பாதியில் நின்றது. இந்த ஊரில் யாரும் சரி என்று சொல்வதில்லை. கூப்பிடுவது மரியாதை, ‘இப்பதான் ஆச்சு’ என்று பொய் சொல்லி நடையைக் கட்டுவது அதைவிடப் பெரிய மரியாதை. முப்பது வருஷத்தில் பாதி ஊரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். மொத்தமாக வந்திருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பாள்.

அதுவும் இன்றைக்கா? பாகற்காயைக் கண்டால் முகம் சுளிக்கும் புருஷன் அம்போ, விகான் நகரத்துக்குப் போயிருந்தான். அந்தத் தைரியத்தில் பாகல், கத்தரி, வெண்டை, பூசணி எல்லாம் போட்டு, கரண்டியே படாமல் சட்டியைக் குலுக்கிக் குலுக்கி வேகவைத்த பினக்பெட். புளித்த மீன்சாற்றின் மணம் தெருக்கோடிவரை போயிருக்கும்.

பக்கத்து வீட்டு க்ளாரிங்கின் குறும்பாகத்தான் இருக்கும். போன ஞாயிறு மாதா கோயில் வாசலில், புரீட்டாவின் அழைப்பெல்லாம் வாயோடு சரி என்று நாலு பேர் முன்னால் குத்திக்காட்டியவள் அவள்தான். “போதும் க்ளாரிங், வா உள்ளே” என்றாள் புரீட்டா. அப்போதும் திரும்பவில்லை.

செருப்புச் சத்தம் படியேறி, சிமெண்ட் தரையில் மெல்ல இழுபட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கணம் தயங்கி, ஈரமண் வாடையை அறை முழுக்க விட்டுக்கொண்டு, மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போயிற்று. மரபெஞ்சு முனகித் தாழ்ந்தது.

பெஞ்சில் யாரும் இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் வந்த விருந்தாளிக்குத் தட்டு வைக்காமல் ஓடினால் நாளைக்கு எந்த முகத்தோடு வெளியே போவது? பயத்தை மானம் முந்திக்கொண்டது. சோறு போட்டு, மேலே காயை வைத்து, தட்டை எதிரே நகர்த்தினாள்.

முதலில் மணம் போயிற்று. சட்டிமேல் குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை.

பாகற்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டாள். கசக்கவில்லை. நனைந்த காகிதம். கல்லறைத் திருநாளில் செத்தவர்களுக்குப் படைத்துவைத்த சோறு மறுநாள் இப்படித்தான் இருக்கும்.

எதிர்த்தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை. சாப்பாடு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பிறகு வெயில். உச்சிப்பொழுதின் புழுக்கம் தோளிலிருந்து உரிந்துபோயிற்று. வியர்வை நின்றது. விரல் நுனிகள் மரத்தன. மேஜையில் இருந்ததிலெல்லாம் ருசி போய்விட்டது. இனி ருசியுள்ளது அவள் மட்டும்தான்.

விருந்தாளியைப் போ என்று சொல்லக்கூடாது. சொல்லியே தீரவேண்டும்.

“போங்க” என்றாள்.

உதடு அசைந்தது. குரல் இல்லை.

வாசலில் நிழல். மீன்காரி லுமிங், தலையில் கூடையோடு எட்டிப் பார்த்தாள். புரீட்டா கையைத் தூக்கினாள். லுமிங்கின் கண் அவள்மேல் நிற்கவில்லை. அவளை ஊடுருவி, எதிரே போயிற்று. லுமிங் சிரித்தாள்.

“என்னக்கா, தனியாவா சாப்பிடுறீங்க?”

பெஞ்சில், புரீட்டாவின் பூப்போட்ட கவுனில், புரீட்டா வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.