தூணில் வைத்த இனிப்பு

அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களை அப்பா மேசையில் வைத்தார்.

"தர்சிகா, எழுத்துப்பிழை இருக்கோ எண்டு பார். பின்னேரம் திருப்பிக் குடுக்கவேணும்."

அது அப்பாவின் சிநேகிதர் அருட்பிரகாசம் மாமாவின் கல்வெட்டு. இறந்தவரின் வரலாறும் உறவினர் பெயர்களும் போட்டு, முப்பத்தோராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அட்டையில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். தர்சிகா சட்டென்று அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

மாமா திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் மெசின் திருத்தியவர். புதிதாக யாரைக் கண்டாலும், "எனக்கு ரெண்டு அம்மா. பெத்தவ தொண்டைமானாறு நாகம்மா, எடுத்து வளர்த்தவ இராசம்மா. அதாலை எனக்கு அடியும் ரெண்டு மடங்கு!" என்று தொடங்கிவிடுவார். பஸ் கொண்டக்டருக்குக்கூட இந்தக் கதை மனப்பாடம்.

பிள்ளை எடுத்து வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் போய், "பிள்ளையிட்டை ஒளிக்காதேங்கோ" என்று மன்றாடுவார். போன வருடம் தர்சிகா வீட்டிலும் அதையே சொன்னார். அன்றிரவு அம்மா அவளை மடியில் இருத்தி, அவளும் எடுத்து வளர்த்த பிள்ளைதான் என்று சொன்னார்.

தர்சிகாவின் கோபம் முழுவதும் மாமா மேல் திரும்பியது.

"எல்லாம் உங்களாலைதான்! இனி என்னோடை கதைக்கவேண்டாம்!" என்று வாசல் படலையில் நின்று கத்திவிட்டாள்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவருடைய சைக்கிள் மணி கேட்கும். தர்சிகா உள்ளே ஓடிவிடுவாள். மாமா மதில் தூணில், ஆரஞ்சுச் சுளை போன்ற இரண்டு தோடம்பழ இனிப்பு வைத்துவிட்டுப் போவார். எறும்புகளுக்குத்தான் கொண்டாட்டம்.

அவள் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் போய்க் கதைக்க வெட்கம். அடுத்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்று தள்ளிப்போட்டாள். ஒரு வெள்ளி மணி கேட்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாசித்தாள். 'பொன்னம்பலம், இராசம்மா தம்பதியரின் அன்பு மகன்.' அவ்வளவுதான். எல்லாப் பக்கங்களையும் தேடினாள். நாகம்மாவின் பெயர் எங்குமே இல்லை.

"அப்பா, பெரிய பிழை ஒண்டு இருக்கு. மாமியிட்டைப் போவம், வாங்கோ."

மாமாவின் மனைவி பூரணம் மாமி தாளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொந்தக்காரர் வேண்டாமெண்டவை, பிள்ளை. செத்த பிறகும் ஏன் ஊர்க்கதை எண்டு கேட்டவை. நானும் பேசாமல் இருந்திட்டன்."

"அவர் இருக்கேக்கையும் ஊர் கதைச்சதுதானே, மாமி? அவர் சிரிச்சுக்கொண்டுதானே போனவர்?"

மாமி தாளில் இருந்த மாமாவின் பெயரை மெல்லத் தடவினார்.

"நான் மாமாவோடை கோவிச்சுக்கொண்டு கதைக்காமலே இருந்திட்டன்," தர்சிகாவின் குரல் உடைந்தது. "இனி எனக்கு அவரிட்டை ஒண்டும் சொல்ல ஏலாது. நீங்கள் எண்டாலும் அவர் சொன்ன கதையை ஒளிக்காமல் சொல்லுங்கோ மாமி. இன்னும் அச்சடிக்கேல்லைத்தானே?"

மாமி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பென்சிலைத் தா," என்றார். "அடி ரெண்டு மடங்கு எண்ட கதையையும் போடவேணும். இல்லாட்டி அந்த மனுசன் என்னை மன்னிக்காது."

முப்பத்தோராம் நாள். மாமாவின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். தர்சிகா வாழையிலையின் ஓரத்தில் ஒரு தோடம்பழ இனிப்பை வைத்தாள்.

"கோவமில்லை, மாமா," என்றாள் மெதுவாக. "முந்தியே சொல்லியிருக்கவேணும்."

மாமா படத்தில் சிரித்துக்கொண்டேயிருந்தார். அவர் மணி அடித்து வந்த ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கக்கூடாதா என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

அம்மாவோடு வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கையிலிருந்த இன்னொரு இனிப்பை வாயில் போட்டாள். நல்ல இனிப்பு. இதையா இவ்வளவு நாளும் எறும்புக்கு விட்டாள்?

"அம்மா, என்னைப் பெத்த அம்மாவின்ரை பேர் என்ன?"

அம்மா நின்று, அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

"கஜந்தினி," என்றார். "உனக்கு அப்பிடியே அவவின்ரை கண்."