மூடிய வார்டின் ரூட்டர்

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குள் நானும் வயர்மேன் மொட்டை அண்ணனும் நுழைந்தோம். அண்ணனுக்குத் தலை நிறைய முடி. எந்தக் காலத்திலோ வைத்த பெயர், முடி முளைத்த பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் என் பொறுப்பு. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். புதிய கட்டடத்தின் இதய வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், ஆபரேஷன் முடிந்து என் தம்பி படுத்திருந்தான். அதுதான் என் வேலை.

காலையில் அவனைப் பார்க்கப் போனபோதே முகம் வெளுத்திருந்தது. "அக்கா, மெஷின் கத்துச்சு. எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. யாருமே வரல. அப்புறம் அதுவா நின்னுடுச்சு" என்றான்.

கட்டில் பக்கத்து மானிட்டரின் அலாரம் அதுவாக நிற்காது. நர்ஸ் மேசையில் யாராவது பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். வார்டு சிஸ்டரோ, மேசைக்கு எந்த அலாரமும் வரவே இல்லை என்று சத்தியம் செய்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அப்படியானால் அழுத்தியது யார்?

தம்பியின் கட்டிலிலிருந்து கிளம்பும் தகவல் எந்த வழியாக மேசைக்குப் போகிறது என்று தேடினேன். இடையில், தகவலைக் கைமாற்றி விடும் ரூட்டர்கள் இரண்டுதான் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று காட்டியது. பழைய கட்டடத்து ரூட்டர். அதன் பிளக்கைப் பிடுங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

எந்த ரூட்டருக்கும் முழு வழி தெரியாது. வருகிற தகவலில் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். அதைப் பார்த்து அடுத்த ரூட்டர் கையில் கொடுத்துவிடும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போனால் சீக்கிரம் சேரலாம் என்பதைப் பக்கத்து ரூட்டர்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அப்படியே நம்பிவிடும், அத்தனை வெகுளி. சில நொடிக்கொரு முறை ஒன்றுக்கொன்று ஹலோவும் சொல்லிக்கொள்ளும். ஹலோ நின்றால் அந்த ரூட்டர் செத்துவிட்டது என்று மற்றவை மறந்துவிடும். அதனாலேயே எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. பழையதை ஒழிக்கும்போது மற்ற ரூட்டர்களில் அதன் பெயரை அழிக்க மாட்டோம். பிளக்கைப் பிடுங்கினால் போதும், தானாக மறந்துவிடும் என்று விட்டுவிடுவோம்.

ஆனால் இந்தப் பழைய ரூட்டரை மற்றவை மறக்கவில்லை. ஏனென்றால் ஹலோ நிற்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் என் வழிதான் குறுக்குவழி என்று அது இதய வார்டு ரூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த ரூட்டர் இருந்த பழைய வார்டின் கதவைத் திறந்ததும் பினாயில் வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த இடத்தில் பூஞ்சை வாடையல்லவா வர வேண்டும்? கட்டில்கள் போய்விட்டன, அவை உரசிய தழும்புகள் மட்டும் சுவரில் இருந்தன. நடுவில் நர்ஸ் மேசையும் ஒரு நாற்காலியும். மேசையில் திரை இல்லை, பொத்தான் இல்லை. பின்சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் ரூட்டர். மின்வயர் கிடையாது. நெட்வொர்க் வயர்கள் நறுக்கிவிடப்பட்டுத் தொங்கின.

அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

மொட்டை அண்ணன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "கரண்டே இல்லம்மா" என்றார், கிசுகிசுப்பாக.

"அண்ணே, இந்த வார்டுல என்ன நடந்துச்சு?"

"மேசைல இருந்த சிஸ்டர் ஒருத்தங்க உக்காந்தபடியே போயிட்டாங்க. ஒரு பேஷன்ட்டுக்கு அலாரம் அடிச்சிருக்கு. இவங்க கை பொத்தான் மேலயே இருந்துச்சாம். அந்த பேஷன்ட்டும் பொழைக்கல."

தம்பியைப் போனில் பிடித்தேன். "விரல்ல மாட்டியிருக்கற கிளிப்பைக் கழட்டுடா. அலாரம் அடிக்கும், பயப்படாதே."

போனில் அலாரம் கேட்டது.

என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

க்ளிக்.

"கிளிப்பை மறுபடி மாட்டறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சுக்கா" என்றான் தம்பி.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி மேசையோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது, உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் போட்டுக்கொள்வது போல.

"வாம்மா, போயிடலாம்." அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கையை உதறிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். புதிய கட்டடத்தின் வைஃபை அரைகுறையாகக் கிடைத்தது. இதய வார்டு ரூட்டருக்குள் போய்ப் பழைய ரூட்டரின் பெயரை அழித்தேன்.

பெயர் திரும்ப வந்தது.

மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

"நான் பாத்துக்கறேன்."

காதுக்குப் பக்கத்தில், களைத்துப்போன பெண் குரல்.

"அக்கா... நெஞ்சு..." போனில் தம்பியின் குரல் பாதியில் நின்றது. ஏதோ விழுந்தது. அலாரம் கத்தியது. இந்த முறை அவன் எதையும் கழற்றவில்லை.

க்ளிக்.

அலாரம் நின்றது.

நான் நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னத்தப் பாத்துக்கறீங்க? அலாரத்த நிறுத்தறதா வேலை? எழுந்து போய் ஆளைப் பாக்கணும்! உங்களால எழுந்துக்க முடியுமா? முடியாதுல்ல? அப்ப வழிய விடுங்க! அவன் என் தம்பி!"

செய்யக் கூடாத ஒன்று மிச்சமிருந்தது. இதய வார்டு ரூட்டரின் காதை அடைப்பது. யார் பேச்சையும் கேட்காதே, நான் எழுதித் தரும் ஒரே வழியில் போ என்று கட்டளையிடுவது. அப்புறம் எங்காவது ஒரு வயர் அறுந்தால் அது மாற்று வழி தேடாது. அதனால்தான் எங்கள் அதிகாரி அதைத் தடை செய்திருந்தார். வேலை போனால் போகட்டும். என்டரைத் தட்டினேன்.

பச்சை விளக்கு அணைந்தது.

போனில் மறுபடி அலாரம். க்ளிக் இல்லை. கத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஓடிவரும் காலடிகள். "டாக்டரைக் கூப்பிடுங்க!" என்ற சிஸ்டரின் குரல். அந்தப் பினாயில் தரையில் உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் தம்பியின் முகத்தில் களை திரும்பியிருந்தது. அதிகாரி போனில் குதித்தார். "உடனே பழையபடி மாத்து."

"மாத்தமாட்டேன் சார். வேணும்னா என்னை மாத்திக்கங்க."

போனை வைத்ததும் சிஸ்டர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். ஒரு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அப்ப நான் மேசைல இல்ல. மருந்து ரூம்ல கதவைச் சாத்திட்டு இருந்தேன். அலாரம் என் காதுலயே விழல."

"அப்புறம் எப்படி சிஸ்டர் வந்தீங்க?"

"யாரோ என் கையைப் புடிச்சு இழுத்தாங்க. ஐஸ் மாதிரி கை. கட்டில் வரைக்கும் விடவே இல்ல."

எழுந்துக்க முடியுமா என்று அந்த நாற்காலிக்காரரைக் கேட்டேன். அவர் எழுந்துவிட்டார். தகவல் போகும் வழிகளை அடைக்க எனக்குத் தெரியும். நடந்து வருகிறவருக்கு எந்த வழியை அடைப்பது?

தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், கால்மாட்டில் மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது.

நான் கையை விடவில்லை. நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தேன்.

"பாத்துக்கங்க, வேண்டாங்கல" என்றேன். "ஆனா கூட்டிட்டுப் போகலாம்னு மட்டும் நினைச்சீங்க, நான் சும்மா விடமாட்டேன்."

தம்பி தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொண்டு அவருக்கு இடம் விட்டான்.