விசாவில் இல்லாத ஊர்

"ஏனுங்க... உங்கம்மா உக்காந்திருக்கறது என்ற துண்டு மேலீங்க!"

ஷைமா திரும்பினாள். காந்திபுரத்தில் கோபி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. அம்மாவை எப்படிக் கீழே இறக்குவது என்று அவள் தவிக்கிற நேரம் பார்த்தா இந்தத் துண்டுக்காரன் வரவேண்டும்?

"ஜன்னல்ல துண்டு போட்டா சீட்டு உங்களுதாயிருமாங்க?"

"எங்கூருல அப்படித்தானுங்க. உங்களுக்கு எந்தூருங்க?"

"கராச்சி."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஆடிச் சாரலில் நனைந்த நெற்றி, அகல விரிந்த கண்கள்... சிரிக்கிற நேரமா இது? ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கராச்சியில இந்தத் தமிழுங்களா!"

"எங்கம்மாகிட்ட வேற பேசினா சோறு கெடைக்காதுங்க."

அம்மா ஜாஹிதா முன்சீட்டுக் கம்பியை விடுவதாக இல்லை. கல்யாணமாகி அங்கே போனவளுக்கு முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் விசா கிடைத்திருக்கிறது. அதுவும் கோவைக்கு மட்டும், கோபிக்கு இல்லை. தாண்டினால் போலீஸ், கேஸ்... அப்புறம் ஜென்மத்துக்கும் விசா கிடையாது. கோபியில் இருக்கும் ஒரே அண்ணனுக்கோ மாவுக்கட்டுப் போட்ட கால். மடக்க முடியாது, பஸ்ஸிலோ காரிலோ ஏற வழியில்லை. நாளன்றைக்கு ஊர் திரும்பியாக வேண்டும்.

"அப்துல் மஜீத் அண்ணன ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்றேன் கண்ணு... எறங்கச் சொல்லாதீங்க" என்று அவனிடமே கெஞ்சினாள் அம்மா.

"மஜீத் பாயா? எங்க மண்டிக்குப் பக்கத்துக் கடைங்க! நான் ரியாஸ், வாழைத்தார் வேன் ஓட்டறேன். எறங்குங்கம்மா. நாளைக்கு அவரையே கூட்டியாரேன்."

சொன்னபடி வந்தான். வேனில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, மஜீதைப் படுக்க வைத்து, ஆர்.எஸ்.புரத்தில் அவர்கள் தங்கியிருந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். அண்ணனும் தங்கையும் ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவித் தடவி அழுதார்கள். ஷைமாவால் பார்க்க முடியவில்லை. வாசலுக்கு வந்துவிட்டாள்.

தூறலில் நின்றிருந்தான் ரியாஸ்.

"நேத்துலிருந்து தூக்கமே இல்லீங்க... உங்கம்மாகிட்டப் பொண்ணு கேக்கட்டுங்களா? இங்கயே இருந்தர்லாமுங்க."

அவள் நெஞ்சு துள்ளியது. அதே நொடி உள்ளேயிருந்து அம்மாவின் விம்மல் கேட்டது.

"அப்பறம் என்னப் பாக்க எங்கம்மா விசாவுக்கு நிக்கோணுங்களா?"

"அப்ப நான் கராச்சிக்கு வாரனுங்க."

"உங்கூட்டுல அம்மா இருக்காங்களா?"

இருக்கிறாள் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஷைமா உள்ளே போயிருக்கலாம். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கால் நகரவில்லை...

"புடிக்காம வேண்டாங்கலீங்க" என்றாள். "ரொம்பப் புடிச்சுப்போச்சு. யோசிச்சு நாளன்னைக்குச் சொல்லலாம்னா நான் இங்க இருக்கமாட்டேன்... அதான், இப்பவே சொல்லிப்போட்டேன்."