வேலியில் பதின்மூன்று பெட்டிகள்

"அப்ப, சங்கு ஊதவே இல்லையோ?"

"ஊதினது அக்கா. யானையள் கடைசியா எங்கட வயலுக்கு வந்தபிறகு. அதுக்குள்ள பரமேஸ்வரன் அண்ணையின்ர மூண்டு ஏக்கரும் துவம்சம்."

நெடுங்கேணிச் சந்தையில் வானொலி திருத்தும் தயாளினி, மேசையில் கிடந்த பதின்மூன்று பெட்டிகளைப் பார்த்தாள். காட்டோர வேலியில் யானை உரசினால், கம்பியில்லாமல் ஊருக்குச் செய்தி அனுப்பி அபாயச் சங்கை ஊதவைக்கும் பெட்டிகள். அவற்றைச் செய்த யதுர்ஷிகா எதிரே இருந்தாள். கழற்றிக் கொண்டுவந்த தம்பி பிரதாபன் வாசலில் நின்றான்.

"நான் தெரிஞ்சுகொண்டு மற்றவைக்குப் பழுதானதைக் கட்டினனாம்," என்றாள் யதுர்ஷிகா. "நாலு மணிக்குக் கமக்காரர் கூட்டம், வயல் வைச்சிருக்கிற எல்லாரும் வருவினம். என்னை இனி ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"பரமேஸ்வரன்தான் எரிச்சலில ஏதோ செய்திருக்கிறார்!" என்றாள் பக்கத்துத் தையல்கடை நிரோஜா. வழக்கு என்றால் தைப்பதை விட்டுவிட்டு ஓடிவருபவள்.

"தன்ர வயலை யானைக்குக் குடுத்தோ?" என்றாள் தயாளினி. " போய் உன்ர நகப்பூச்சு அழிக்கிற தண்ணியை எடுத்துவா."

தயாளினி ஒவ்வொரு பெட்டியிலும் செய்தியை அனுப்பும் சிறு மின்சில்லான வானலைச் சிப்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபின், பஞ்சை நனைத்துத் துடைத்தாள். நான்கில் எழுத்து அசையவில்லை. எட்டில் கறுப்பு மை கரைந்து, கீழே அரத்தால் தேய்த்த கீறல்கள் தெரிந்தன.

"பழைய சிப்பின்ர பேரைத் தேய்ச்சு, கறுப்பு அடிச்சு, புதுப் பேர் போட்டிருக்கு. இதின்ர அலை அரைக் கட்டை தூரமும் தாண்டாது, ஊருக்கு எட்டாது."

"அப்ப வித்தவன்தான் கள்ளன்!" என்றாள் நிரோஜா.

"அவன் கள்ளன்தான். பொறு. பிள்ளை, மழைக்கு வார்னிஷ் அடிச்சது ஆர்?"

"தம்பி. நான் சிப்பை ஒட்டிக் குடுப்பன். அவன் வார்னிஷ் அடிச்சு, மூடி, வேலியில கட்டுவான்."

தயாளினி கடைசிச் சிப்பைத் துடைக்காமல் வைத்திருந்தாள். அதை யதுர்ஷிகாவிடம் நீட்டினாள். "மூலையைப் பார். ஏற்கெனவே ஆரோ துடைச்சு மை போயிருக்கு. அதுக்கு மேல வார்னிஷ் முழுசாக் கிடக்கு. அப்ப, வார்னிஷ் அடிக்க முதலே ஒருத்தர் சோதிச்சுப் பாத்திட்டார். மற்ற எட்டும் நான் துடைக்க முதல் இப்பிடித்தான் இருந்தது. நல்ல நாலும் எந்த வயலில தொங்கினது?"

"எங்கட வயலில," என்ற யதுர்ஷிகா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிப்பை வாங்கினதும் நீதானே, தம்பி?" என்றாள் தயாளினி. "ஏமாந்தது பிழையில்லை. நல்லதைத் தெரிஞ்செடுத்து வீட்டு வயலுக்குக் கட்டினாய் பார், அதுதான் பிழை."

"அக்கா பாவம் எண்டு..." என்றான் பிரதாபன். "நாலு மாசம் கண் முழிச்சுச் செய்தவா. ஒன்பது போலி எண்டு எப்பிடிச் சொல்லுறது? எங்கட வயலாவது மிஞ்சட்டும் எண்டு நினைச்சன்."

"எனக்குமடா சொல்லேல்லை," என்றாள் யதுர்ஷிகா. "ஒரே மேசையில இருந்து வேலை செய்தனாங்கள்."

அவள் பெட்டிகளைச் சாக்கில் போட்டாள். மணி மூன்றே முக்கால். பிரதாபன் சாக்கின் மறுமுனையைப் பிடித்தான்.

"அக்கா, அங்க போய்த் தெரியாம நடந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோவன். நான் தெரிஞ்செடுத்ததைச் சொல்லவேண்டாம்," என்று தமக்கையிடம் கெஞ்சினான்.