இலவம்பஞ்சு அடைத்த யாழ்

கூரைச் சட்டத்தில் குடியிருந்த முழ நீளப் பல்லி வழக்கம்போல் தொண்டையை உப்பிக்கொண்டு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. லூன் பே பாயில் படுத்தபடியே காத்திருந்தான். அந்தப் பல்லி ஆரம்பித்தால் ஏழு தடவை கத்தாமல் ஓயாது. தெருவே அதை வைத்துத்தான் சகுனம் பார்த்தது. இப்போதும் ஏழு தடவை வாயைத் திறந்து மூடியது. ஏழும் ஊமை. பிறகு, கடமையை முடித்த அரசாங்க ஊழியரைப் போல, நிதானமாகப் பின்வாங்கி ஓலைக்குள் போய்விட்டது.

கிழடாகிவிட்டது என்று லூன் பே நினைத்துக்கொண்டான். எழுந்தவன் தலையணையைத் தட்டிப் பார்த்தான். ராத்திரி படுக்கும் முன் அதிலிருந்து கை கையாக இலவம்பஞ்சை உருவியிருந்தான். தலையணை இளைக்கவில்லை. கொழுத்துக் கிடந்தது.

உருவிய பஞ்சு பட்டறையில் இருந்தது, மியாட் சோ செய்த யாழின் வயிற்றுக்குள்.

பர்மாவில், சகாய்ங் ஊரின் ஆற்றங்கரைத் தெருவில் யாழ் செய்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். இருவருக்கும் ஒரே வேங்கை மரக் கட்டை, தானாகவே வளைந்து வளர்ந்த ஒரே கருங்காலி வேர், ஒரே பெண்மான் தோல். ஆனால் லூன் பேயின் யாழைப் பார்த்தவர்கள், “நல்ல வேலைப்பாடு” என்றார்கள். மியாட் சோவின் யாழைக் கேட்டவர்கள், “பேசுது” என்றார்கள். ஊர் சொன்னதை லூன் பே பொறுத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி ஏ யின்தான் பொறுக்க முடியாத காரியத்தைச் செய்தாள். மியாட் சோவின் யாழ் எங்காவது ஒலித்தால் போதும், அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, மீன் வறுத்துக்கொண்டிருந்தாலும் சரி, தன்னையறியாமல் கூடவே மெட்டை முனகுவாள். புருஷன் செய்த யாழுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருமுறை கூட முனகியதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மியாட் சோ கையில் மஞ்சள் தடவிய துணிக் கட்டுப் போட்டுக்கொண்டு, யாழைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, தோல்ல ஓட்டை சுடப் போயி சூட்டுக்கோல் என் கையைச் சுட்டுடுச்சு. நாளைக்கு விளக்குப் பௌர்ணமிக்கு இதை வாசிக்கணும். நரம்பு மட்டும் கட்டிக் குடுங்கண்ணே. உங்க முடிச்சு எனக்கு வராது.”

“முடிச்சுக்கு நான். பேருக்கு நீயா?”

“பேரை வெச்சு ஒரு பிடி சோறு திங்க முடியுமாண்ணே?” என்று சிரித்தான் மியாட் சோ. “கும்பிட்டுட்டு அப்புறமா கை வைங்க. இவ கொஞ்சம் ரோஷக்காரி.”

“உன்னையே தொட விட்டிருக்கா. என்ன பெரிய ரோஷம்!”

லூன் பே கும்பிடவில்லை. பட்டு நரம்புகளை ஒவ்வொன்றாக முறுக்கி, வளைந்த கழுத்தில் சிவப்புக் கயிறுகளால் கட்டினான். வேலை சுத்தம், அதில் அவனுக்கு வஞ்சகம் கிடையாது. முடித்ததும் ஒரு நரம்பைச் சுண்டினான்.

அடுப்படியில் ஏ யின் முனகினாள்.

அதற்குப் பிறகுதான் தலையணையைப் பிரித்தான். தோலில் சுட்டிருந்த நான்கு ஓட்டைகள் வழியாக, மூங்கில் குச்சியால், பஞ்சைத் திணித்துத் திணித்து அடைத்தான். மறுபடி சுண்டியபோது ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி ‘தொப்’ என்றது. அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

இப்போது ஏ யின் மீன்குழம்பு ஊற்றிய சேமியாக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். கிட்டே நின்றும் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

“எவ்வளவு நேரமா கூப்பிடறேன், பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“எப்ப கூப்பிட்டே?”

“பல்லி அந்தக் கத்து கத்துச்சே, அப்பலேருந்து. காதைக் கழட்டி எங்கயாச்சும் வெச்சுட்டீங்களா?”

கரண்டி அவன் கையிலேயே நின்றது.

பட்டறைக்குப் போய்க் கட்டையைச் செதுக்க உட்கார்ந்தான். வாய்ச்சி மரத்தில் இறங்கியது, சீவல் சுருண்டு மடியில் விழுந்தது, வேங்கையின் கசந்த வாசனையும் காயாத அரக்கின் நெடியும் வெயிலில் சூடேறிய மான்தோலின் மிருக வீச்சமும் மூக்கில் ஏறின, வெளியே ஐராவதி ஆற்றில் மரத் தெப்பங்களை இழுத்துக்கொண்டு ஒரு மோட்டார் படகு கறுப்புப் புகை கக்கியபடி போனது, ஆனால் வாய்ச்சிக்கும் சத்தமில்லை, படகுக்கும் சத்தமில்லை, வாசலில் குரைத்த நாய் வெறுமனே காற்றைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த தன் யாழ்களைச் சுண்டினான். முதலாவது ஊமை. அடுத்தது ஊமை. கடைசி வரை ஊமை. நரம்புகள் மட்டும் அதிர்ந்தன.

காதுக்குள் ஏதோ அரித்தது. சுண்டுவிரலை விட்டு எடுத்தான். நகத்தில் ஒரு இழை ஒட்டியிருந்தது. வெள்ளையாக. மெத்தென்று.

இலவம்பஞ்சு.

மியாட் சோவின் யாழ் மணையின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் தோல் மெல்ல மேலெழுந்து, மெல்லத் தாழ்ந்ததாக அவனுக்குத் தோன்றியது. வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டான். சொன்னது அவன் காதில் விழவில்லை.

கொக்கிக் கம்பியை எடுத்தான். முதல் ஓட்டைக்குள் விட்டுத் துழாவி இழுத்தான். ஒரு கொத்துப் பஞ்சு வந்தது.

உடனே உலகம் திரும்பி வந்தது. படகு. நாய். ஆற்றங்கரையில் துணி துவைக்கும் அடி. எண்ணெயில் வெங்காயம் பொரியும் சீற்றம். லூன் பேக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இன்னும் மூன்று ஓட்டைதான். அப்புறம் கும்பிட்டுவிடலாம், தேங்காய் பழம் வைத்து மன்னிப்பே கேட்டுவிடலாம்.

ஆற்றுக்காற்று ஜன்னல் வழியாக வந்து நரம்புகளைத் தொட்டது. பாதி அடைப்போடும் அந்த யாழ் பேசியது.

அடுப்படியில் ஏ யின் முனகினாள்.

அவ்வளவு இனிமையாக. அவ்வளவு தாராளமாக. யாருக்கோ.

லூன் பே கையிலிருந்த பஞ்சைப் பார்த்தான். பிறகு அதைத் திரும்பவும் ஓட்டைக்குள் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினான். பலங்கொண்ட மட்டும் அழுத்தினான்.

படகு நின்றது. நாய் நின்றது. எண்ணெய் நின்றது.

முனகல்தான் கடைசியாக நின்றது.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்தான். தண்ணீர் இறங்கவில்லை. ஊறியது. எங்கேயோ உள்ளே, மெதுவாக, நனைந்து பரவியது. மார்பில் கை வைத்தான். துடிப்பு தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. தெருவெங்கும் அகல்விளக்குகள். மியாட் சோ கையில் விளக்கோடு உள்ளே வந்தான். உதடுகள் அசைந்தன. ஏதோ கேட்டான். யாழைத்தான் கேட்டிருப்பான்.

ஏ யின் வந்து நின்றாள்.

மியாட் சோ யாழைக் கும்பிட்டான். தூக்கினான். விளக்கைக் கிட்டே பிடித்து ஓட்டைகளைப் பார்த்தான். நான்கிலும் வெளிச்சம் நேராக உள்ளே இறங்கியது. அடியில் வேங்கைக் கட்டையின் சிவப்பு தெரிந்தது.

ஒரு இழை கூட இல்லை.

நான்தான் அடைத்தேன், என்று லூன் பே சொல்ல வாய் திறந்தான். நாக்கு நகரவில்லை. நாக்கின்மேல், பற்களுக்குப் பின்னால், அண்ணம் முழுக்க, மெத்தென்று. விரலை விட்டு இழுத்தான். வந்தது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

மியாட் சோ தலைகுனிந்து நரம்பைச் சுண்டினான். நரம்பு நடுங்குவது தெரிந்தது. ஏ யின் யாழையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொண்டைக்குழி துடிக்க ஆரம்பித்தது.

கண்ணை யாழிலிருந்து எடுக்காமலே அவள் கை நீட்டினாள். பக்கத்தில் இருந்த புருஷனின் கன்னத்தை, அன்பாக, ஒரு விரலால் அழுத்தினாள்.

விரல் உள்ளே போனது. அவள் எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

அவள் முனகிக்கொண்டிருந்தாள்.